கூல் இல்லத்துப் பெருமாட்டி
கிறெகரி அம்மையாரும் ஊர்மக்கள் நாடக அரங்கும்

கொழும்பு நூதனசாலையின் முன்றலிலே நிற்கும் சிலையை நம்மவருட் பலர் கண்டிருப்பர். 1872ஆம் ஆண்டு முதல் 1877ஆம் ஆண்டு வரை இலங்கைத் தேசாதிபதியாய் இருந்த சேர் வில்லியம் கிறெகரி என்பாரின் உருவம் அது. 1873இல் வடமத்திய மாகாணத்தைத் தனி மாகாணமாக வகுத்தவரும், 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அந்நூதனசாலையைத் திறந்து வைத்தவரும் அவரே. நுவரெலியாவில் உள்ள ஏரி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எனினும், கடல் கடந்த நாடுகளிலே கிறெகரி என்னும் பெயரைக் கற்றோர் நினைப்பது அத்தேசாதிபதியின் பொருட்டன்று. அவர் இந்நாட்டை விட்டு நீங்கிய பின் மணம் புரிந்த மனைவியின் பொருட்டே அப்பெயர் நிலைத்து நிற்கின்றது. ஊர்மக்களின் வீட்டுப் பேச்சையும், அவர்தம் குடும்பத்து இன்ப துன்பங்களையும், அவ்வூரார் வாய்வழிப் போற்றி வந்த பழங்கதைகளையும் மேடையேற்றி, அயர்லாந்து தேசத்துக்கு ஒரு நாடக அரங்கை அளித்த அவ்வம்மையாரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்தின் மேற்கே கோல்வே என்னும் மாவட்டத்தில், றொக்ஸ்பரோ என்னும் பெருமனையிலே, 1852ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆந் திகதி இசபெல்லா ஒகஸ்டா பிறந்தார். தந்தையார் டட்லி பேர்ஸ் பெருநிலக்கிழார். குடும்பமோ புரட்டஸ்தாந்து சமயத்தது. சுற்றிலும் வாழ்ந்த குடியானவர்களோ கத்தோலிக்கர். அவருட் பலர் ஐரிஷ் மொழி பேசியவர். நிலம் ஒருவருக்கும் உழைப்பு மற்றொருவருக்கும் உரியதாய், சமயமும் மொழியும் இடையே மதில்களாய் நின்ற காலம் அது. பிள்ளைகள் நிறைந்த அவ்வீட்டிலே கடைசி மகளாய்ப் பிறந்த ஒகஸ்டாவைப் பெற்றோர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆண்மக்களுக்கே அங்கு மதிப்பு.

அவரை மடியில் வைத்து வளர்த்தவள் மேரி ஷெரிடன் என்னும் செவிலி. அவள் கத்தோலிக்கப் பெண். ஐரிஷ் மொழி அறிந்தவள். 1798ஆம் ஆண்டிலே அயர்லாந்து மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த கதையையும், அவர்க்குத் துணையாகப் பிரெஞ்சுப் படையினர் மேற்குக் கரையிலே வந்திறங்கிய கதையையும் அவள் அக்குழந்தைக்குச் சொன்னாள். நிலக்கிழாரின் மாளிகையிலே, நிலக்கிழாரை எதிர்த்தெழுந்த மக்களின் கதை இவ்வாறு சமையற்கட்டு வழியாக உட்புகுந்தது. பின்னாளில் அம்மையார் இயற்றிய நாடகங்களுக்கு வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது என்று நாம் கொள்ளலாம். வரலாற்று நூல்களிலே இடம்பெறாத வரலாற்றைப் பெண்கள் குழந்தைகளின் செவியிலே சேமித்து வைப்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கமன்றோ!

இல்லறமும் உலக அனுபவமும்

1880ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலே ஒகஸ்டா, சேர் வில்லியம் கிறெகரியை மணந்தார். மணமகளுக்கு 28 வயது நிறையவில்லை. மணமகனுக்கோ 63 வயது. அவர் முதல் மனைவியை இலங்கையிலேயே 1873இல் இழந்தவர். கல்வியிலும் ஓவியங்களிலும் பெருவிருப்பு உடையவர். கோற் என்னும் சிற்றூரின் அருகே, ஏரியும் காடும் சூழ்ந்த கூல் பூங்கா அவரது பரம்பரை மனை. அங்கிருந்த நூல்நிலையமே அம்மையாருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1881இல் றொபேட் என்னும் ஒரே மகன் பிறந்தான்.

கணவருடன் அம்மையார் இத்தாலி, ஸ்பெயின், எகிப்து, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளுக்குச் சென்றார். எகிப்திலே அந்நியர் ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற அராபி பாஷாவை அவர்கள் அறிந்தனர். 1882இல் அராபி தோல்வியுற்றுச் சிறைப்பட்டபோது, இலண்டன் நகரத்தார் அவரைக் கொடியவர் எனத் தூற்றினர். அப்போது அம்மையார் அராபியின் மனையையும், தாயையும், மனைவி மக்களையும் தாம் நேரிற் கண்டவாறு எழுதி, ‘டைம்ஸ்’ இதழிலே வெளியிட்டார். அரசியல் வாதம் ஒன்றும் செய்யாது, ஒரு வீட்டின் உள்ளே வாழ்வோரின் இயல்பைக் காட்டியே அம்மனிதர் மீது இரக்கம் பிறக்கச் செய்தார். அதுவே அவர் வெளியிட்ட முதல் எழுத்து. அராபி பின்னர் நாடு கடத்தப்பட்டு நம் இலங்கைக்கே வந்து, கொழும்பிலும் கண்டியிலுமாக 1901 வரை வாழ்ந்தார் என்பது நம்மவர் அறிந்ததே. குடும்பத்தைக் காட்டி நாட்டை உணர்த்தும் அந்த எழுத்து முறை அம்மையாரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

1892ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆந் திகதி சேர் வில்லியம் காலமானார். அப்போது அம்மையாருக்கு வயது 39. அன்று தொட்டுத் தம் இறுதிக் காலம் வரை கறுப்பு உடையன்றி வேறு அணிந்திலர்.

மாளிகையின் கடன்

இங்கே ஒரு செய்தியை மறையாது கூறுதல் கடன். 1845ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்திலே உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்தமையாற் கொடும் பஞ்சம் ஏற்பட்டது. ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அந்நாளிற் பாராளுமன்றத்தில் இளம் உறுப்பினராய் இருந்தவர் வில்லியம் கிறெகரி. கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருப்போர் அரசின் பஞ்ச நிவாரணம் பெறலாகாது என்னும் விதியை 1847இற் சட்டத்திலே புகுத்தியவர் அவரே. அவ்விதியால் எண்ணற்ற குடியானவர்கள் ஒரு பிடி உணவுக்காகத் தம் நிலத்தைக் கைவிட்டு வீதிக்கு வந்தனர். அவ்விதி இன்றும் அவர் பெயராலேயே வரலாற்றிலே வழங்குகின்றது. இலங்கையில் ஏரியும் நூதனசாலையும் எந்தப் பெயரை நற்பெயராகத் தாங்கி நிற்கின்றனவோ, அதே பெயர் அயர்லாந்தின் மேற்கிலே பசியின் பெயராகவும் நின்றது.

அம்மையார் புகுந்த வீடு இத்தகையது. அவரும் தொடக்கத்திலே தம் குலத்தாரின் கருத்துடையவராகவே இருந்தார். 1893இல் அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்குதலை எதிர்த்துத் தம் பெயர் இன்றி ஒரு துண்டுப் பிரசுரமும் எழுதினார். அவரை மாற்றியது அரசியற் சொற்பொழிவு எதுவுமன்று, மொழியே மாற்றியது. அதே ஆண்டில் அறன் தீவுகளுக்குச் சென்று அங்கு வாழ்ந்த மீனவக் குடிகளைக் கண்டார். ஐரிஷ் மொழியை முயன்று கற்றார். கணவரின் வாழ்க்கை வரலாற்றைப் பதிப்பிக்கும் பணியிலும், அவர் பாட்டனாரின் கடிதங்களைத் தொகுக்கும் பணியிலும் அயர்லாந்தின் பழைய நிலையை ஆழ்ந்து நோக்கினார். பின்னர்க் குறிப்பேடும் கையுமாகக் குடிசை குடிசையாகவும், கோற் ஊரின் ஏழையர் விடுதிக்கும் சென்று, முதியோர் கூறிய கதைகளை அவர் கூறியவாறே எழுதலானார். நிலவரி வாங்கிய வீட்டிலிருந்து வந்தவர் கதை கேட்டு நின்றார். நெடுங்காலம் கொடுப்பதையே கடனாகக் கொண்ட அம்முதியோர், தம்மிடம் கேட்டுப் பெறுவதற்கும் மாளிகையாருக்கு ஒன்று உண்டு என்பதை அன்று அறிந்தனர்.

மூன்று நாடகப் பருவங்கள்

1897ஆம் ஆண்டுக் கோடையிலே கோல்வேக் கடற்கரையில் டூரஸ் என்னும் மனையில் மூவர் கூடியிருந்து உரையாடினர். கவிஞர் வில்லியம் பட்லர் யேற்ஸ் ஒருவர். அயலூர் நிலக்கிழாரும் நாடக ஆசிரியருமான எட்வேட் மாட்டின் மற்றொருவர். மூன்றாமவர் கிறெகரி அம்மையார். அந்நாளில் டப்ளின் நகரத்து மேடைகளை இலண்டனிலிருந்து வந்த குழுக்களே ஆட்சி புரிந்தன. அங்கே அயர்லாந்து மனிதன் தோன்றினால் அவன் குடியனாகவோ கோமாளியாகவோ தோன்றுவான். தம் நாட்டவரின் உண்மை வாழ்வைக் காட்டும் நாடகங்களைத் தம் நாட்டவர்க்கே காட்டுதல் வேண்டும் என அம்மூவரும் உறுதி பூண்டனர். அம்மையார் அன்றே தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து திட்டத்தை வரைந்து, நண்பர்களுக்குக் கடிதம் எழுதிப் பொருளுதவி நாடினார். உரிமை பெற்ற அரங்குகளன்றிப் பிறவிடங்களில் நாடகம் ஆடுதலைத் தடுத்த பழைய சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலே அதற்கு விலக்குப் பெறப்பட்டது.

இவ்வாறு தோன்றிய ஐரிஷ் இலக்கிய அரங்கு 1899, 1900, 1901 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கொரு பருவமாக நாடகங்களை நடாத்தியது. மூன்றாம் பருவத்தில், பின்னாளிலே அயர்லாந்தின் முதற் குடியரசுத் தலைவராகிய டக்ளஸ் ஹைட் ஐரிஷ் மொழியிலே எழுதிய சிறு நாடகமும் மேடையேறியது. ஆயினும் ஒரு குறை இருந்தது. நடிகர் பெரும்பாலும் ஆங்கிலேயர். அயர்லாந்தின் பேச்சு அவர் வாயிலே படியவில்லை. அக்குறையை நீக்கியோர் ஃபே சகோதரர் இருவர். ஒருவர் மின்தொழில் தெரிந்தவர்; மற்றவர் எழுதுவினைஞர். கடைகளிலும் கந்தோர்களிலும் பகல் முழுவதும் பணியாற்றிய இளைஞரையும் யுவதியரையும் சேர்த்து, மாலை வேளைகளில் அவர்கள் நாடகம் பழக்கினர். ஊராரே நடிகர், ஊர்ப் பேச்சே உரையாடல், ஊர்க்கதையே பொருள் என்னும் நிலை அப்போதுதான் கைகூடிற்று.

1902ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் இக்குழுவினர் நடித்த ‘கதலீன் நி ஹூலிஹன்’ என்னும் நாடகம் நாட்டையே உலுக்கியது. 1798ஆம் ஆண்டிலே ஓர் உழவர் வீடு. மூத்த மகனுக்கு மறுநாள் திருமணம். சீதனப் பணத்தை எண்ணிப் பெற்றோர் மகிழ்ந்திருக்கின்றனர். அவ்வேளை தன் நான்கு வயல்களையும் பறிகொடுத்த கிழவி ஒருத்தி வந்து புகுகின்றாள். அவளே அயர்லாந்து அன்னை. மணமகன் மணத்தைத் துறந்து அவள் பின்னே செல்கின்றான். சீதனப் பேச்சையும் வீட்டுக் கவலையையும் அத்துணை இயல்பாக எழுதியவர் கிறெகரி அம்மையாரே என்பது இன்று ஆய்வாளர் கண்ட முடிபு. ஆயினும் நூலின் முகப்பிலே யேற்ஸின் பெயர் மாத்திரமே அச்சேறியது. அம்மையார் இதனைப் பொதுமேடையில் ஒருகாலும் எடுத்துக் கூறவில்லை. செவிலி மேரி ஷெரிடன் சொன்ன கதை ஒரு தேசத்தின் நாடகமாயிற்று. அதனை ஆக்கிய பெண்ணின் பெயரோ நெடுங்காலம் மறைந்தே கிடந்தது.

அபி அரங்கு

ஆனி ஹோர்ணிமன் என்னும் செல்வப் பெண்மணி தம் பொருளைக் கொடுத்து, டப்ளின் அபி வீதியிலே ஒரு பழைய மண்டபத்தையும் அதனை அடுத்திருந்த பழைய பிணவறைக் கட்டடத்தையும் புதுக்கி, நாடக அரங்காக அமைத்துத் தந்தார். அவர் அயர்லாந்திலே வதிபவர் அல்லராதலின், அரசு உரிமைப் பத்திரம் கிறெகரி அம்மையாரின் பெயரிலேயே வழங்கப்பட்டது. 600க்குக் குறைந்த இருக்கைகளே கொண்ட அச்சிற்றரங்கு 1904ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் திகதி திறக்கப்பட்டது. அன்றிரவு மேடையேறிய நாடகங்களுள் ஒன்று அம்மையார் எழுதிய ‘செய்தி பரவுதல்’ என்னும் நகைச்சுவை நாடகம்.

அதன் கதையை நம்மூர்ச் சந்தையிலே நடந்ததாகவே கொள்ளலாம். சந்தையில் ஒருவன் மறந்துவிட்டுச் சென்ற வைக்கோல் வாரியை எடுத்துக்கொண்டு, அதனை அவனிடம் சேர்ப்பிக்க இன்னொருவன் ஓடுகின்றான். செவி மந்தமான அப்பிள்காரி ஒருத்தி அதனைத் தவறாக விளங்கிக்கொள்கின்றாள். வாய்க்கு வாய் செய்தி வளர்ந்து, அவன் வாரியால் மற்றவனைக் குத்திக் கொன்றுவிட்டான் என்றாகிவிடுகின்றது. அந்தமான் தீவுகளிலே கடமையாற்றி வந்த நீதவான், அங்குக் கற்ற பாடத்தையே இங்கும் பொருத்திப் பார்த்துக் குழப்பத்தைப் பெருக்குகின்றார். கொலையுண்டவன் உயிரோடு வந்து நின்றபோதும் எவரும் நம்புவாரில்லை! நகைப்பின் உள்ளே அந்நிய ஆட்சியின் அறியாமையும் வைத்துத் தைக்கப்பட்டிருப்பதை நோக்குக.

அம்மையார் நாடகம் எழுதத் தொடங்கியபோது 50 வயதை எட்டியிருந்தார். அதன்பின் ஏறத்தாழ 40 நாடகங்களை இயற்றினார். அவற்றுட் சில நினைவிற் கொள்ளத்தக்கன. ‘ஏழையர் விடுதி’ என்னும் நாடகத்திலே இரு கிழவர் படுக்கையிற் கிடந்தவாறே ஓயாது சண்டையிடுகின்றனர். ஒருவனைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்லச் சகோதரி வருகின்றாள். மற்றவனையும் உடன் அழைத்தாலன்றி வரேன் என அவன் மறுத்து, நல்வாழ்வை இழந்து, சண்டைக்குத் துணையுள்ள படுக்கையிலேயே தங்கிவிடுகின்றான். ‘சிறை வாயில்’ நகையே இல்லாதது. சிறையிலுள்ளவனைக் காண அவன் தாயும் மனைவியும் நெடுவழி நடந்து வருகின்றனர். அவன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தான் என்னும் பழி அவர்களை வாட்டுகின்றது. அவன் தூக்கிலிடப்பட்டான் என்று வாயிலிலே அறிகின்றனர். எவரையும் காட்டிக்கொடாதே இறந்தான் என்றும் அறிகின்றனர். தாயின் ஒப்பாரி அப்போது புகழ்ப்பாட்டாக மாறுகின்றது. ‘கின்கோரா’, ‘டெர்வோகில்லா’ முதலியன பழைய மன்னர் வரலாறுகள். ஏட்டிலுள்ள வரலாற்றைக் காட்டிலும், ஊர்மக்கள் சொல்லி வந்த வரலாற்றையே அவற்றிற்கு அவர் அடிப்படையாகக் கொண்டார்.

இந்நாடகங்களின் மொழி கில்தார்த்தன் மொழி எனப்பட்டது. கில்தார்த்தன் என்பது கூல் மனையைச் சூழ்ந்த பகுதி. அங்குள்ளோர் ஐரிஷ் மொழியின் இலக்கணப் போக்கிலேயே ஆங்கிலம் பேசினர். கற்றோர் அதனைக் கொச்சை என எள்ளினர். அம்மையாரோ அதனையே இலக்கியத்துக்கு உரிய நடையாக்கி, 1902இல் வெளியிட்ட ‘மூர்தெம்னேக் குக்குலேன்’ என்னும் பழங்காவியத் தொகுப்பையும் அந்நடையிலேயே எழுதினார்.

நான்கு சோதனைகள்

ஊர் வாழ்வைக் காட்டும் அரங்கு ஊராரின் சினத்தையும் தாங்குதல் வேண்டும். 1907ஆம் ஆண்டு சனவரி 26ஆந் திகதி ஜோன் மில்லிங்டன் சிங் எழுதிய நாடகம் ஒன்று அபியிலே அரங்கேறியது. மேற்கு நாட்டு உழவர்களை இழிவுபடுத்துகின்றது எனக் கருதிய மக்கள் கூச்சலிட்டு அரங்கைக் கலக்கினர். யேற்ஸ் அப்போது ஸ்கொத்லாந்திலே இருந்தார். முதலங்கம் முடிந்ததும் வெற்றி எனத் தந்தி அனுப்பிய அம்மையார், சிறிது நேரத்துள் அவையோர் குழம்பினர் என மற்றொரு தந்தி அனுப்ப நேர்ந்தது. அந்நாடகத்தை அவர் உள்ளூர விரும்பினாரல்லர். எனினும் ஆசிரியன் எழுதியதை அவையோரின் கூச்சலுக்கு அஞ்சி நிறுத்துதல் தகாது எனக் கருதினார். வாரம் முழுவதும் பொலிசாரின் காவலோடு நாடகம் நடந்தேறியது. தாம் விரும்பாத ஒன்றின் உரிமைக்காக நிற்பது எளிய செயலன்று.

இரண்டாஞ் சோதனை அரசிடமிருந்து வந்தது. 1909இல் பேணாட் ஷோவின் நாடகம் ஒன்று இலண்டனிலே தடை செய்யப்பட்டது. அத்தடை அதிகாரம் அயர்லாந்துக்குச் செல்லாது. அம்மையார் அதனை அபியிலே நடிக்க ஏற்பாடு செய்தார். உரிமைப் பத்திரத்தைப் பறிப்போம் என அரச அதிகாரிகள் அச்சுறுத்தினர். பத்திரமோ அவர் பெயரிலேயே உள்ளது. அவர் பணிந்தாரல்லர். ஆகஸ்டு 25ஆந் திகதி நாடகம் நடந்தது, அரசு வாளாவிருந்தது. மக்களுக்கு முன்னும் வளையாத அரங்கு, அரசுக்கு முன்னும் வளையவில்லை.

மூன்றாஞ் சோதனை பொருளால் வந்தது. 1910ஆம் ஆண்டு மே மாதம் ஏழாம் எட்வேட் மன்னர் இறந்தபோது, தகவல் பிந்தியமையால் அபி அரங்கு அன்று மூடப்படவில்லை. இதனை அவமதிப்பாகக் கொண்ட ஹோர்ணிமன் அம்மையார் தம் உதவியை நிறுத்தினார். கிறெகரி அம்மையார் வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டி அரங்கை நிலைநிறுத்தினார்.

நான்காஞ் சோதனை கடல் கடந்தது. 1911இல் நடிகர் குழு அமெரிக்கா சென்றபோது, அங்குக் குடியேறிய அயர்லாந்தினரே சிங்கின் நாடகத்தை எதிர்த்து நியூயோர்க்கிலே கலகம் விளைத்தனர். மறுநாள் முன்னாட் குடியரசுத் தலைவர் தியடோர் றூஸ்வெல்ற் அம்மையாரின் அருகிலே அமர்ந்து நாடகம் பார்த்தார். 1912 சனவரியிற் பிலதெல்பியாவிலே நடிகர்கள் கைது செய்யப்பட்டனர். வழக்குப் பின்னர்த் தள்ளுபடியாயிற்று. சிக்காகோவிலே அம்மையாருக்குக் கொலை மிரட்டற் கடிதம் வந்தது. 60 வயதை அணுகிய அவர் அதன் பின்னும் வழக்கம்போல் அரங்குக்கு நடந்தே சென்றார்.

இவற்றுக்கிடையே அவர் நடிகர்க்குத் தாயாகவும் இருந்தார். கோற் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் பெரிய பழ ரொட்டி ஒன்றைக் கொணர்ந்து, ஒப்பனை அறையிலே தம் கையால் வெட்டிப் பகிர்ந்தளிப்பது வழக்கம். கூல் மனையோ எழுத்தாளருக்கு அறச்சாலையாயிற்று. யேற்ஸ் ஆண்டுதோறும் கோடையிலே அங்குத் தங்கி எழுதினார். 1923இல் நோபெற் பரிசு பெற்றுச் சுவீடன் நாட்டிலே உரையாற்றியபோது, அவர் சிங்கையும் கிறெகரி அம்மையாரையும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

இழப்பும் உறுதியும்

1915ஆம் ஆண்டு மே 7ஆந் திகதி ‘லுசித்தானியா’ கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியபோது, அம்மையாரின் சகோதரி மகனும் ஓவியச் சேகரிப்பாளருமான சேர் ஹியூ லேன் உயிர் நீத்தார். தம் 39 ஓவியங்களை டப்ளின் நகருக்கு அளிப்பதாக அவர் எழுதிய பத்திரத்திலே சாட்சிகள் கையொப்பமிடவில்லை. அதனால் அவை இலண்டனிலேயே நிறுத்தப்பட்டன. அவற்றை மீட்க அம்மையார் தம் இறுதிக் காலம் வரை போராடினார். இரு நகரங்களும் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடு 1959இலேதான் ஏற்பட்டது. 1918ஆம் ஆண்டு சனவரி 23ஆந் திகதி ஒரே மகன் றொபேட், விமானப் படையிற் பணியாற்றுகையில் இத்தாலியிலே இறந்தான். மூன்று பேரப்பிள்ளைகள் எஞ்சினர். அவர்களையும் அவர்போன்ற சிறுவரையும் மகிழ்விக்க ‘நாகம்’ முதலிய விந்தை நாடகங்களை அவர் எழுதினார். 1919 மார்ச்சு மாதம், நடிகை ஒருவர் வர இயலாதபோது, 67 வயதில் அயர்லாந்து அன்னையாகிய கிழவியின் வேடத்தைத் தாமே பூண்டு மூன்று இரவுகள் நடித்தார். மகனை இழந்த தாய், மைந்தரை அழைத்துச் செல்லும் அன்னையாக மேடையிலே நின்ற காட்சியை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் கனக்கின்றது.

1920இல் ஆங்கிலப் படையினர் கில்தார்த்தன் வீதியிலே தன் வீட்டு முற்றத்தில் நின்ற இளந்தாய் ஒருத்தியைச் சுட்டுக் கொன்றனர். அம்மையார் அக்கொடுமைகளை இலண்டன் இதழ் ஒன்றிலே பெயர் குறியாது எழுதி வெளிப்படுத்தினார். 1893இற் சுயாட்சியை எதிர்த்துப் பெயரின்றி எழுதிய கை, 27 ஆண்டுகளின் பின் மக்களின் சார்பிலே பெயரின்றி எழுதிற்று. அவ்விரு எழுத்துக்களுக்கும் இடைப்பட்ட வழியே அவர் வாழ்வின் வரலாறு எனலாம். பின் நிகழ்ந்த உள்நாட்டுப் போரின்போது பிறந்தகமாகிய றொக்ஸ்பரோ தீக்கிரையாயிற்று. கூல் மனையோ தீண்டப்படவில்லை.

1925இலே புதிய அரசு அபி அரங்குக்கு ஆண்டுக்கு 850 பவுண் மானியம் வழங்கியது. ஆங்கிலம் பேசும் நாடுகளிலே அரச மானியம் பெற்ற முதல் அரங்கு அதுவே. தொழிலாளியாய் இருந்த ஷோன் ஓ கேசி எழுதிய நாடகங்கள் அக்காலத்திலே அபியை நிறைத்தன. டப்ளின் சேரிக் குடும்பங்களின் வாழ்வை அவர் எழுதுமாறு ஊக்கியவர்களுள் அம்மையார் முதன்மையானவர். 1926இல் ஓ கேசியின் நாடகத்துக்கும் கலகம் எழுந்தது. அப்போதும் அவர் ஆசிரியன் பக்கமே நின்றார்.

1927இற் கூல் மனை அரசுக்கு விற்கப்பட்டது. அம்மையார் தம் வீட்டிலேயே வாடகைக் குடியாக வாழ்ந்தார். ஒரு காலத்தில் ஊரெல்லாம் வாடகை செலுத்திய மனையிலே அதன் தலைவியே வாடகை செலுத்தியது காலத்தின் விந்தை! மார்பகப் புற்றுநோயாற் பல ஆண்டுகள் துன்புற்று, 1932ஆம் ஆண்டு மே 22ஆந் திகதி அங்கேயே காலமானார். 1941இல் அம்மாளிகை இடிக்கப்பட்டது. 1951இற் பழைய அபி அரங்கு தீயினால் அழிந்தது; 1966இற் புதிய அரங்கு அதே இடத்தில் எழுந்தது. கூல் பூங்காவிலே யேற்ஸ், சிங், ஷோ முதலியோர் தம் பெயரெழுத்துக்களைப் பொறித்த மரம் மாத்திரம் இன்றும் நிற்கின்றது.

நாம் கொள்ளத்தக்கது

அம்மையாரைக் குறை கூறுவோரும் உளர். நிலக்கிழார் குலத்தவர் உழவரின் வாய்ச்சொல்லை எடுத்துத் தம் புகழுக்கு ஆக்கிக்கொண்டார் என்பர். இக்குற்றச்சாட்டை முற்றாகத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. கதை சொன்ன முதியோர் ஏழையர் விடுதியிலேயே மாண்டனர். கதை கேட்டவர் புகழ் பெற்றார். ஆயினும் அவர் அக்கதைகளைத் தம் நூல்நிலையத்திலே பூட்டி வைத்தாரல்லர். எவருடையவோ அவர்க்கே மேடையிலே திருப்பிக் கொடுத்தார். 1847ஆம் ஆண்டு விதி பறித்த நிலத்தை எந்த நாடகமும் மீட்டுத் தர இயலாது. ஆனால், இழந்தோரின் பேச்சும் நினைவும் மதிப்புக்குரியன என்பதை அந்த வீட்டிலிருந்து வந்த ஒருவரே நாடறியச் செய்தார். அது சிறு செயலன்று.

நம் நாட்டிலும் இவ்வினா எழாமலில்லை. வீட்டுப் பேச்சு மேடைக்கு ஏற்குமா என ஐயுற்ற காலத்திலே, பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலேயே குடும்ப நாடகங்களை எழுதி, 1940இல் ‘நானாடகம்’ என நூலாக்கினார். பாமரர் ஆட்டம் என ஒதுக்கப்பட்ட கூத்தினைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். ஆகவே வழி நமக்குப் புதிதன்று, தொடர்வதே வேண்டற்பாலது. நம் கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் நாடகம் ஆடுகின்றனர். அவர்கள் கதை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தத்தம் வீட்டுத் திண்ணையிலே பாட்டியாரின் அருகே ஒரு குறிப்பேட்டுடன் அமர்வாராயின், மேடைக்கு வேண்டிய யாவும் அங்கே கிடைக்கும். பாட்டியாரோ நெடுநாள் காத்திரார். அதனை நம் இளைஞர் உணர்ந்து, காலந் தாழ்த்தாது அப்பணியிலே முன்னிற்பாராக.